ஐம்பதாவது மாடியின் அடித்தளம்

சிங்கப்பூரின் கேன்டோன்மென்ட் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால், 50 தளங்கள் கொண்ட ஏழு கோபுரங்கள் வரிசையாக உயர்ந்து நிற்பதைக் காணலாம். 26-ஆவது தளத்திலும், உச்சியில் 50-ஆவது தளத்திலும் அவை பாலங்களால் கைகோத்து நிற்கின்றன. 'பினக்கிள் அட் டக்ஸ்டன்' என்பது இந்த வளாகத்தின் பெயர். முதன்முறை பார்ப்பவர் இதைக் கோடீசுவரர்களின் குடியிருப்பு என்றே எண்ணுவார். நானும் அப்படித்தான் எண்ணினேன். உண்மையில் இது, அந்நாட்டு அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சாதாரணக் குடும்பங்களுக்காகக் கட்டிய பொதுக் குடியிருப்பு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிறு கட்டணம் செலுத்தி அதன் 50-ஆவது தளத்துக்குச் சென்றேன். ஒருபுறம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். மறுபுறம் சைனாடவுனின் ஓட்டுக்கூரைக் கடைவீடுகள். அந்தக் கடைவீடுகளுக்கு நடுவேதான், 1827-இல் தமிழர் நிறுவிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. பார்வைக்கு மிக அருகில் வங்கிகளின் வானளாவிய கோபுரங்கள். அவ்வளவு உயரத்தில், ஒரு முதியவர் வேட்டைக்குப் போகும் அவசரமின்றி, தம் வீட்டு முற்றத்தில் உலவுவதுபோல் நடந்துகொண்டிருந்தார்.

நகர்ப்புறப் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஒரு நகரத்தின் மையத்தை நெருங்க நெருங்க நிலத்தின் விலை ஏறும்; வசதி குறைந்தோர் புறநகரை நோக்கித் தள்ளப்படுவர். இது பாடநூல் விதி. உலகின் மிக விலையுயர்ந்த நகரங்களுள் ஒன்றில், நிதி மையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், மாத ஊதியம் பெறும் குடும்பங்கள் எப்படிக் குடியேறின? விடையின் ஒரு பகுதி கட்டடக் கலையில் இருக்கிறது. பெரும்பகுதி, கட்டடத்துக்குக் கீழே இருக்கும் மண் யாருக்குச் சொந்தம் என்பதில் இருக்கிறது.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். இந்த இடத்தில் 1960-களின் தொடக்கத்தில் எழுந்த பத்து மாடி அடுக்ககங்கள் இரண்டு இருந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கட்டிய முதல் அடுக்ககங்கள் அவை. அது லீ குவான் யூவின் சொந்தத் தொகுதி. அவற்றை அகற்றிவிட்டு, அந்த வரலாற்றை நினைவூட்டும் வகையில் புதிய குடியிருப்பு ஒன்றை எழுப்ப முடிவு செய்தபோது, அரசு வழக்கமான வரைபடத்தை எடுத்து நீட்டவில்லை. 2001-இல் உலக அளவில் ஒரு வடிவமைப்புப் போட்டியை அறிவித்தது. 200-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. கூ பெங் பெங், பெலிண்டா ஹுவாங் என்னும் தம்பதியர் நடத்திய 'ஆர்க் ஸ்டூடியோ' என்ற சிறிய உள்ளூர் நிறுவனம், 'ஆர்.எஸ்.பி.' நிறுவனத்துடன் இணைந்து வெற்றி பெற்றது. 2009 டிசம்பரில் கட்டுமானம் நிறைவுற்றது. மறு ஆண்டே, உயர்மாடிக் கட்டடங்களுக்கான பன்னாட்டு மன்றம் ஆசிய-ஆஸ்திரேலிய வட்டாரத்தின் சிறந்த உயர் கட்டடமாக இதைத் தேர்ந்தெடுத்தது.

அவர்களுக்கு அளிக்கப்பட்ட கணக்கு கடினமானது. நிலம் ஏறத்தாழ 2.5 ஹெக்டேர். வீடுகள் 1,848. ஏக்கர் கணக்கில் சொன்னால், ஓர் ஏக்கரில் கிட்டத்தட்ட 300 வீடுகள். இந்த நெருக்கத்தில் காற்றும் வெளிச்சமும் தனிமையும் கிடைக்க வேண்டும். அண்டை அயலாரைச் சந்திக்கவும் இடம் வேண்டும்.

வடிவமைப்பாளர்கள் கட்டடங்களைச் சுவர்போல் எழுப்பாமல், மெலிந்த ஏழு கோபுரங்களாகப் பிரித்தனர். அவை ஒன்றையொன்று மறைக்காதபடி சற்றே விலகி, வளைந்த வரிசையில் நிற்கின்றன. இதனால் பெரும்பாலான வீடுகளின் சன்னல்களுக்கு முன்னால் இன்னொரு வீட்டின் சன்னல் வருவதில்லை. இடைவெளிகளின் வழியே காற்று புகுகிறது. பின்னால் இருப்பவரின் வானமும் பறிபோவதில்லை.

அடுத்தது பாலங்கள். ஏழு கோபுரங்களுக்கு இடையே ஒரு தளத்தில் ஆறு பாலங்கள். இரு தளங்களில் மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு தளத்திலும் இவை இணைந்து ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுள்ள வான்தோட்டமாகின்றன. 26-ஆவது தளம் குடியிருப்போருக்கு மட்டுமே உரியது; அங்கு ஓட்டப்பாதையும் உடற்பயிற்சிக்கான இடங்களும் உள்ளன. 50-ஆவது தளம் ஊராருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது.

இந்தப் பாலங்களை வெறும் அலங்காரம் என்று நினைத்தால் அவற்றின் பொருளைத் தவறவிடுவோம். சிங்கப்பூரின் பொதுக் குடியிருப்புகளில் நீண்டகால வழக்கம் ஒன்று உண்டு. அடுக்ககத்தின் தரைத்தளத்தில் வீடுகள் கட்டாமல் தூண்களுடன் காலியாக விட்டுவிடுவர். மலாய்க் குடும்பத்தின் திருமணமும் சீனக் குடும்பத்தின் இறுதிச் சடங்கும் அங்கேதான் நடக்கும். முதியோர் சதுரங்கம் ஆடுவதும் பிள்ளைகள் ஓடி விளையாடுவதும் அங்கேதான். பத்துப் பன்னிரண்டு மாடிகள் இருந்த காலத்தில் அந்த ஒரு தளமே போதுமானதாக இருந்தது. 50 மாடிகளில், 40-ஆவது தளத்தில் வசிப்பவருக்குத் தரைத்தளம் என்பது வெளியூர்போல் ஆகிவிடுகிறது. ஆகவே அந்தக் காலி முற்றத்தையே தூக்கி, இடையிலும் உச்சியிலும் வைத்துவிட்டனர். தீ விபத்தின்போது இடைத்தளம் மக்கள் ஒதுங்கும் புகலிடமாகவும் பயன்படும். ஒரு கோபுரத்தில் ஆபத்து என்றால் பாலம் வழியே மறு கோபுரத்துக்குச் செல்லலாம்.

செலவை அடக்கிய விதமும் கவனிக்கத்தக்கது. சுவர்களும் தளப் பலகைகளும் வேறிடத்தில் முன்கூட்டியே வார்க்கப்பட்டு, இங்கே கொண்டுவந்து பொருத்தப்பட்டன. நெருக்கடியான நகர மையத்தில் தூசியும் இரைச்சலும் தாமதமும் இதனால் குறைந்தன. ஒரே அச்சை ஆயிரக்கணக்கான முறை பயன்படுத்தும்போது, அந்த அச்சின் செலவு ஒவ்வொரு வீட்டின் தலையிலும் மிகச் சிறிய தொகையாகவே விழும். ஆனால், ஒரே அச்சில் வார்த்தால் முகப்பு முழுவதும் ஒரே மாதிரியாகிவிடுமே? அதற்கும் வழி கண்டனர். பால்கனி, பூந்தொட்டித் திட்டு, வெளியே நீட்டிய சன்னல் எனச் சில வகை உறுப்புகளை உருவாக்கி, வீடு வாங்குவோரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இன்று அந்த முகப்பில் தெரியும் மேடு பள்ளங்கள், குடியேறியவர்களின் விருப்பங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதன் விளைவு. வீட்டின் உள்ளேயும் குறுக்கு உத்தரங்கள் இல்லாத தட்டையான தளமும் தூண்களும் இருப்பதால், குடும்பம் வளரும்போதும் சுருங்கும்போதும் அறைகளை மாற்றி அமைத்துக்கொள்ள இயலும்.

இத்தனையும் கட்டடக் கலையின் சாதனைகள். ஆனால், இதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் வேறொரு நகரத்தின் மையத்தில் கட்டினால், நடுத்தரக் குடும்பம் அதில் குடியேறிவிட முடியுமா? முடியாது. நிலத்தின் விலையே அவர்களை வெளியேற்றிவிடும்.

1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது, சிங்கப்பூர் குடிசைகளாலும் நெரிசல் மிகுந்த கடைவீடுகளாலும் நிறைந்த ஊர். 1961 மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் பரவிய தீ, ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அந்த அவசரத்தில் தொடங்கிய கட்டுமானம், முதல் ஐந்தாண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளை எழுப்பியது. 1966-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், பொது நோக்கத்துக்காகத் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் விரிந்த அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. பின்னர், இழப்பீட்டைச் சந்தை விலையில் தராமல், 1973-ஆம் ஆண்டின் விலையோடு முடிச்சிட்டு வைத்தனர். அந்தத் தேதி அவ்வப்போது மாற்றப்பட்டாலும், முழுச் சந்தை விலை என்னும் நிலை 2007-இல்தான் திரும்பியது. 1960-இல் பாதிக்கும் குறைவாக இருந்த அரசு நிலம், இன்று ஏறத்தாழ 90 விழுக்காடு.

இதை வெறும் புகழுரையாகச் சொல்லிச் செல்வது நேர்மையாகாது. குறைந்த இழப்பீட்டுக்கு நிலத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருந்தன. கம்பங்களில் கோழியும் காய்கறியும் வளர்த்துப் பிழைத்தவர்கள், பழகிய வாழ்க்கையை இழந்தனர். நகர வளர்ச்சியால் நிலத்துக்குக் கூடும் மதிப்பு, தற்செயலாக அங்கே நிலம் வைத்திருந்தவருக்குச் சேர வேண்டியதா, அந்த வளர்ச்சியை உண்டாக்கிய சமூகத்துக்குச் சேர வேண்டியதா என்பது பொருளாதாரத்தின் மிகப் பழைய வினா. சிங்கப்பூர் அதற்குச் சமூகம் என்று விடை சொன்னது. அந்த விடையின் மீதுதான் இந்த ஏழு கோபுரங்களும் நிற்கின்றன.

வாங்குவோருக்கான பணமும் திட்டமிட்டே உருவாக்கப்பட்டது. தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியை வீடு வாங்கப் பயன்படுத்த 1968 முதல் அனுமதி அளிக்கப்பட்டது. இன்று அந்நாட்டுக் குடியிருப்போரில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இத்தகைய வீடுகளில்தான் வசிக்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள் அல்லர். 99 ஆண்டுக் குத்தகையில் வீட்டுக்கு உரிமையாளர்கள்.

இந்த உரிமை ஏன் முக்கியம் என்பதை அறிய, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைப் பார்க்கலாம். அங்கே 1950-களின் நடுவில் 'புரூட்-ஐகோ' என்ற பெயரில், 11 தளங்கள் கொண்ட 33 அடுக்ககங்கள் ஏழைகளுக்காகக் கட்டப்பட்டன. வடிவமைத்த மினோரு யமசாகி, பின்னாளில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களை வடித்தவர். அங்கேயும் அண்டை வீட்டார் கூடிப் பழகுவதற்கென்று அகன்ற பொது நடைகூடங்கள் இருந்தன. சில ஆண்டுகளில் அந்த நடைகூடங்களே மக்கள் தனியாக நடக்க அஞ்சும் இடங்களாயின. பராமரிப்புச் செலவை ஏழைக் குடித்தனக்காரர்களின் வாடகையிலிருந்தே ஈடுகட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. மக்கள் வெளியேற வெளியேற வாடகை வருவாய் குறைந்தது. மின்தூக்கிகள் பழுதாகி நின்றன. மேலும் பலர் வெளியேறினர். 1972-இல் வெடிவைத்துத் தகர்க்கும் பணி தொடங்கியது. பொது நடைகூடம் என்னும் கருத்து ஒன்றே. ஓரிடத்தில் அது தோட்டமானது. இன்னோரிடத்தில் அச்சமூட்டும் இருட்டானது.

உயர்மாடிக் கட்டடத்தின் உயிர் மின்தூக்கியில் இருக்கிறது. அது நின்றுவிட்டால் 30-ஆவது தளத்தில் இருக்கும் மூதாட்டி சிறைப்பட்டவர் ஆகிறார். சிங்கப்பூரில் 1980-களின் இறுதியிலிருந்து நகர மன்றங்கள் குடியிருப்போரிடம் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் பெறுகின்றன. அதில் ஒரு பகுதியை மின்தூக்கி மாற்றம், வண்ணப்பூச்சு போன்ற எதிர்காலப் பெருஞ்செலவுகளுக்காகத் தனி நிதியில் ஒதுக்கிவைப்பது சட்டப்படி கட்டாயம். கட்டடத்தைத் திறந்துவைக்கும் நாளில் யாரும் புகைப்படம் எடுக்காத ஏற்பாடு இது. ஆயினும், 50-ஆவது மாடியைத் தாங்கி நிற்கும் தூண்களுள் இதுவும் ஒன்று.

தமிழர்களை நேரடியாகத் தொடும் கூறு ஒன்றும் இந்த அமைப்பில் உண்டு. ஓரினத்தவர் ஓரிடத்திலேயே திரண்டு தனித்தனிப் பேட்டைகள் உருவாகாமல் தடுக்க, 1989-இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வோர் அடுக்ககத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் உள்ளிட்ட பிறர் ஆகியோருக்குத் தனித்தனி உச்ச வரம்பு உண்டு. இதனால் தமிழ்க் குழந்தை சீன, மலாய்க் குழந்தைகளோடு ஒரே மின்தூக்கியில் பள்ளிக்குச் செல்கிறது. இது பெரும் நன்மை. ஆனால் விலையும் உண்டு. ஓர் அடுக்ககத்தில் சீனருக்கான வரம்பு நிரம்பிவிட்டால், அங்குள்ள தமிழ்க் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சீனர் என்னும்போது, வாங்குவோர் கூட்டம் திடீரெனச் சுருங்கி, விலையும் இறங்குகிறது. இந்தச் சுமையைப் பல்லாண்டுகள் தனிக் குடும்பங்களே சுமந்தன. விற்க வழியின்றித் தவிப்போரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022-இல்தான் வந்தது. சமூக ஒற்றுமையால் எல்லோருக்கும் பயன் என்றால், அதன் செலவையும் எல்லோரும் பகிர்வதுதான் முறை.

இனி, இந்தக் கட்டடம் தன் வெற்றியாலேயே எழுப்பிவிட்ட சிக்கலுக்கு வருவோம். 2004-இல் இவ்வீடுகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது, விலை ஏறத்தாழ 2.9 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 4.4 லட்சம் வெள்ளி வரை இருந்தது. குடும்ப வருவாய் வரம்புக்கு உட்பட்டோரே விண்ணப்பிக்க முடியும். குறைந்தது ஐந்தாண்டுகள் குடியிருந்த பின் சந்தை விலைக்கு விற்கலாம். அந்தக் காலம் முடிந்து சில ஆண்டுகளுக்குள், இங்குள்ள வீடுகள் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டி விலைபோயின. குலுக்கலில் வீடு பெற்ற குடும்பங்களுக்கு இது வாழ்நாள் அதிர்ஷ்டம். ஆனால், அதை அடுத்து வாங்குபவர் நடுத்தர வருவாயினராக இருக்க முடியாது.

நிலத்தின் மதிப்பு சமூகத்துக்கே உரியது என்ற கொள்கையில் எழுந்த கட்டடத்தில், அதே மதிப்பு முதலில் வாங்கியவரின் சட்டைப்பையில் போய்ச் சேர்ந்தது. பழைய நில உரிமையாளரிடமிருந்து அரசு மறுத்த ஆதாயம், குலுக்கலில் வென்றவருக்குக் கிடைத்தது. அந்தக் குடும்பங்களைக் குறைசொல்வதில் பொருளில்லை. விதி அனுமதித்ததைத்தான் செய்தனர். குறை விதியில் இருந்தது. நல்ல வடிவமைப்பும் நல்ல இடமும் கூடினால் மதிப்பு உயர்வது உறுதி. அந்த உயர்வு யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காமல் விட்டதுதான் பிழை.

சிங்கப்பூர் இதை உணராமல் இல்லை. 2021 அக்டோபரில், முதன்மை இடங்களில் கட்டப்படும் பொது வீடுகளுக்குப் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. ஐந்துக்குப் பதில் பத்தாண்டுகள் குடியிருக்க வேண்டும். முழு வீட்டையும் வாடகைக்கு விடக்கூடாது. விற்கும்போது விலையில் ஒரு பங்கைக் கழகத்துக்குத் திருப்பித் தர வேண்டும். மறுவிற்பனையில் வாங்குவோருக்கும் வருவாய் வரம்பு உண்டு. பினக்கிள் கற்பித்த பாடம் என்றே இவ்விதிகளைக் கொள்ளலாம். பினக்கிள் வீடுகளுக்கு இவை பொருந்தா. அவற்றின் 99 ஆண்டுக் குத்தகை அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முடியும்போது நிலம் அரசிடம் திரும்பிவிடும். இன்று 10 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் வீடு, அன்று மதிப்பற்றதாகும். இந்தக் கணக்கை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு வினா.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க மனம் ஒப்பவில்லை. சிங்கப்பூரின் கட்டுமானத் துறையில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர்கள் பெருந்தொகையினர். வேலை அனுமதிச் சீட்டில் வரும் அவர்கள் இத்தகைய வீடுகளை வாங்க முடியாது. நகரின் ஓரங்களில் உள்ள விடுதிகளில், ஓர் அறையில் பலராகத் தங்குகிறார்கள். 2020-இல் கொள்ளைநோய் அவ்விடுதிகளில் வேகமாகப் பரவியபோதுதான் அந்த நெரிசலை உலகம் கண்டது. குடிமக்களின் வீட்டுக்கு அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்ட நாடு, அவ்வீடுகளைக் கட்டும் கைகளின் இருப்பிடத்துக்கு அந்தக் கணக்கைப் போட வெகுகாலம் தயங்கியது.

வானுயரக் கட்டடங்களை இன்று எந்த நகரமும் எழுப்பிவிடலாம். கான்கிரீட்டும் பாரந்தூக்கியும் பணம் கொடுத்தால் கிடைப்பவை. ஆனால், அக்கட்டடம் யாருக்கு வீடாகும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு: நிலத்தின் உடைமை, வாங்குவோரின் சேமிப்பு, மின்தூக்கிக்காக ஒதுக்கிய நிதி, மறுவிற்பனை விதி. சிங்கப்பூர் இவற்றுள் முதல் மூன்றையும் கட்டடத்துக்கு முன்பே ஆயத்தம் செய்துகொண்டது. நான்காவதைத் தாமதமாகக் கற்றது. அதன் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் நகர ஆட்சியாளர்கள், இந்த வரிசையையும் குறித்துக்கொண்டு திரும்புவது நல்லது.

நான் சென்ற அன்று 50-ஆவது தளத்தில் உலவிய முதியவரிடம், எந்தக் கோபுரத்தில் வீடு என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கீழே, சற்றுத் தொலைவில் தெரிந்த ஒரு பழைய அடுக்ககத்தைக் காட்டினார். அவர் அங்கு வசிப்பவர் அல்லர். என்னைப் போலவே கட்டணம் செலுத்தி, காற்று வாங்க வந்தவர். வீடுகள் கைமாறி விலை ஏறிவிட்டன. அந்த மேல்தளம் மட்டும் இன்னும் எல்லோருக்குமாகத் திறந்திருக்கிறது.